ஓடுபாதையைத் தொட வேண்டிய நிலம் எது?

கேள்வி: எங்கள் நகராட்சிக்கும் அதை ஒட்டிய இரண்டு ஊராட்சிகளுக்கும் நடுவே ஒரு பிராந்திய விமான நிலையம் உள்ளது. எழுபது இருக்கைகள் கொண்ட விமானங்கள் நாளொன்றுக்கு நான்கைந்து முறை வந்து செல்கின்றன. அதைச் சுற்றி 2,000 ஏக்கரில் ‘விமான நிலைய நகரம்’ அமைக்கலாம் என்று ஓர் ஆலோசனை நிறுவனம் வரைவுத் திட்டம் கொடுத்திருக்கிறது. புதிய தடம் ஒன்றைத் தொடங்குவதற்கு ஒரு விமான நிறுவனம் எங்களிடம் வருவாய் உத்தரவாதம் கேட்கிறது. திட்டக் குழுவின் பொறுப்பில் இருக்கும் நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: இரண்டு முன்மொழிவுகளையும் சில மாதங்களுக்கு ஒத்திவைத்துவிட்டு, விமான நிலைய வேலிக்கு வெளியே உள்ள நிலத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் தொழிலுக்கு விமான நிலையம் வேகம் கொடுக்கும். இல்லாத தொழிலை அது உண்டாக்குவது மிக அரிது. ஆகவே உங்கள் பகுதியில் எந்தத் தொழிலுக்கு அந்த வேகம் உண்மையிலேயே தேவைப்படுகிறது, அதற்கு உகந்த நிலம் இன்று யார் கையில், என்ன கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் முன்பு வரையப்படும் வரைபடத்தை நம்பிப் பொதுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உயரக் கட்டுப்பாடு. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதினான்காம் இணைப்பு, ஓடுபாதையைச் சுற்றி எந்தக் கட்டடமும் மரமும் கோபுரமும் துளைக்கக் கூடாத கற்பனைப் பரப்புகளை வகுத்திருக்கிறது. அதன்படி, பெரிய ஓடுபாதைகளைச் சுற்றி 4 கிலோமீட்டர் ஆரத்துக்கு 45 மீட்டர் உயரத்தில் ஒரு கிடைப்பரப்பு உண்டு. கருவிகளின் துணையுடன் விமானங்கள் இறங்கும் பெரிய ஓடுபாதையின் முனைக்கு அப்பால் முதல் 3 கிலோமீட்டருக்கு, ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் மட்டுமே உயரும் சரிவுப்பரப்பு ஒன்று இருக்கிறது. அது பிறகு சற்றுக் கூடுதலான சரிவுடனும், கடைசிப் பகுதியில் கிடைமட்டமாகவும் தொடர்ந்து, மொத்தம் 15 கிலோமீட்டர் வரை நீள்கிறது. உங்கள் நிலையத்தின் ஓடுபாதை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நிலைய நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஓடுபாதையைப் பிற்காலத்தில் நீட்டிக்க வாய்ப்பிருந்தால், நீட்டித்த பின் இருக்கப்போகும் முனையை வைத்தே இந்தப் பரப்புகளை இன்றைய நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் குறித்துவிடுங்கள். இன்று கட்டட அனுமதியில் காட்டும் தாராளம், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஓடுபாதையை நீட்டிக்க முடியாமல் செய்துவிடும்.

இரைச்சலும் பறவைகளும் இதே வரைபடத்தில் இடம்பெற வேண்டியவை. அமெரிக்காவில் பகல், இரவு இரைச்சலைச் சேர்த்துக் கணக்கிடும் சராசரி அளவு 65 டெசிபெலைத் தாண்டும் பகுதிகள் குடியிருப்புக்கு ஒவ்வாதவை என்று கருதப்படுகின்றன. உங்கள் நாட்டின் வரம்பு எதுவானாலும், இன்றைய விமானங்களின் எண்ணிக்கையை வைத்து வரையாமல், நீங்கள் விரும்பும் வளர்ச்சி வந்த பிறகு இருக்கக்கூடிய எண்ணிக்கையை வைத்தே இரைச்சல் எல்லைக்கோட்டை வரையச் சொல்லுங்கள். பள்ளியும் மருத்துவமனையும் அந்தக் கோட்டுக்குள் வரவே கூடாது. குப்பைக் கிடங்கு, இறைச்சிக் கழிவு, திறந்த நீர்த்தேக்கம் ஆகியவை பறவைகளை ஈர்த்து விமானங்களுக்கு ஆபத்து விளைவிப்பவை. தொழிற்பேட்டையின் மழைநீரைத் தேக்க ஓடுபாதைக்கு அருகிலேயே அழகான குளம் ஒன்றை வரைந்து வைக்கும் திட்டங்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். உங்கள் வரைவிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கட்டுப்பாடுகள் சட்டப்படி நடைமுறைக்கு வந்த பிறகே வளர்ச்சித் திட்டத்தை அறிவிக்க வேண்டும். எல்லையை அறிவித்துவிட்டு விதிகளைப் பின்னர் எழுதினால், இடைப்பட்ட காலத்தில் நிலம் இடைத்தரகர்களின் கைக்குப் போய், உழவர்கள் மலிவாக விற்ற நிலத்தையே உள்ளாட்சி பல மடங்கு விலை கொடுத்து வாங்க நேரிடும். அந்த இழப்பைச் சுமப்பவர்கள் முதலில் உழவர்கள், பிறகு வரி செலுத்துவோர்.

அடுத்ததுதான் உங்கள் கேள்வியின் மையம். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வெறுமனே தூரத்தைக் கொண்டு பிரிக்காதீர்கள்; ஓடுபாதையைத் தொட்டே ஆக வேண்டிய தொழிலுக்கான நிலம், அருகில் இருந்தால் போதும் என்னும் தொழிலுக்கான நிலம் என்று பிரியுங்கள். விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய்வரும், டாக்சிவே எனப்படும் இணைப்புப் பாதையை ஒட்டி அமையும் நிலம், ஒரு பிராந்திய விமான நிலையத்தில் சில பத்து ஏக்கர்களுக்கு மேல் இருப்பது அரிது. விமானப் பழுதுபார்ப்பு, விமான நிறுத்தம், பாகங்களைப் பிரித்தெடுத்தல், வண்ணப்பூச்சு, விமானிப் பயிற்சி, மருத்துவ அவசர விமானச் சேவை, தீயணைப்பு விமானங்களின் தளம் ஆகியவற்றுக்கு அந்த நிலம் இல்லாமல் தொழிலே இல்லை. கிடங்கு, தங்கும் விடுதி, அலுவலக வளாகம், வணிக மையம் ஆகியவற்றுக்கு நல்ல சாலைதான் வேண்டும். அவை 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் நடக்கும். முதலில் வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் கிடங்குக்காரர்களாகவே இருப்பதால், டாக்சிவேயை ஒட்டிய நிலம் அவர்களுக்குப் போய்விடுகிறது. பிறகு உண்மையான விமானத் தொழில் ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது கொடுக்க இடம் இருப்பதில்லை. எனவே அந்த நிலத்தை ஒருபோதும் விற்காமல் குத்தகைக்கு மட்டும் விடுவது, விமானத்தைக் கையாளாத தொழிலுக்குத் தருவதில்லை, குறித்த காலத்துக்குள் கட்டி இயக்காவிட்டால் நிலம் திரும்பிவிடும் என்ற மூன்று விதிகளையும் துணைவிதிகளாகவே நிறைவேற்றிவிடுங்கள்.

இதற்கு ஸ்பெயினின் தெருவேல் நல்ல சான்று. அரகோன் பிராந்திய அரசும் தெருவேல் நகராட்சியும் சேர்ந்த கூட்டமைப்பு, பழைய இராணுவ விமானத்தளம் ஒன்றை மாற்றியமைத்து 2013இல் அதைச் செயல்பாட்டுக்குக் கொண்டு வந்தது. அது பயணிகளை நம்பித் தொடங்கப்படவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த வறண்ட நிலத்தில் உலோகம் எளிதில் அரிப்பதில்லை என்பதால், விமானங்களை நீண்ட காலம் நிறுத்திவைப்பதும் பழுதுபார்ப்பதும் பிரித்தெடுப்பதுமே அதன் தொழிலாயின. பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றபோது அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவை நிறுத்தப்பட்டன. ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. தங்கள் நிலத்துக்கும் வானிலைக்கும் எது பொருந்தும் என்று அவர்கள் கேட்ட கேள்வியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அதே நாட்டின் சியுதாத் ரியாலில் எதிர்மாறாக நடந்தது. சுமார் 100 கோடி யூரோ செலவில் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்ட அந்த நிலையம், எதிர்பார்த்த பயணிகள் வராமல் 2012இல் மூடப்பட்டு, பின்னர் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கைமாறியது. 2,000 ஏக்கர் என்னும் உங்கள் எண்ணைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது கனடாவின் மிராபெல். மான்ட்ரியாலுக்கான அந்த நிலையத்துக்காகச் சுமார் 97,000 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. விளைநிலங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1975இல் நிலையம் திறக்கப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதி தேவையற்றது என்று பின்னர் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பயணிகள் சேவை 2004இல் நின்றது. இன்று அங்கே ஏர்பஸ் ஏ220 விமானங்கள் ஒன்றிணைக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அதற்கு அவ்வளவு நிலம் ஒருபோதும் தேவைப்படவில்லை. உங்கள் ஆலோசகரிடம், முதல் பத்தாண்டுகளில் நிரம்பும் என்று அவர் தொழில்வாரியாகக் காட்டக்கூடிய ஏக்கர் எத்தனை என்று கேளுங்கள். அதை மட்டும் கையகப்படுத்தி, மீதியை விளைநிலமாகவே காத்து வையுங்கள்.

சரக்கைப் பற்றியும் வரைவில் பெரிய நம்பிக்கை இருக்கக்கூடும். உலக வணிகத்தில் விமானத்தில் செல்லும் சரக்கு எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, மதிப்பிலோ சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று விமானத் துறையினர் அடிக்கடி சொல்வார்கள். அதில் கணிசமான பகுதி பயணிகள் விமானங்களின் வயிற்றுப் பகுதியில்தான் பயணம் செய்கிறது. உங்கள் நிலையத்துக்கு வரும் எழுபது இருக்கை விமானங்களில் தரப்படுத்திய சரக்குக் கொள்கலன்களை ஏற்ற இடமில்லை. தளர்வான சிப்பங்களைத்தான் அடுக்க முடியும். ஆகவே உங்கள் வட்டாரத்தின் மருந்துப் பொருளோ மலரோ மின்னணுப் பாகமோ, அருகில் விமான நிலையம் இருந்தாலும் லாரியில் ஏறிப் பெரிய நிலையத்துக்கே போகும். அப்படிப் போகும் சரக்கைக் குளிரூட்டிச் சேமிக்கவும், சுங்கச் சோதனையை இங்கேயே முடித்து முத்திரையிட்டு அனுப்பவும் ஒரு வசதியை ஏற்படுத்தலாம். அது சிறிய முதலீடு, பயன் பெரிது. அதற்கு முன் உங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் நேரில் கேட்டு, இன்று என்ன அனுப்புகிறார்கள், எவ்வளவு எடை, எத்தனை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பட்டியலிடுங்கள். இந்த வேலையை எந்த ஆலோசகரிடமும் விடாமல் உங்கள் குழுவே செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மூன்று உள்ளாட்சிகள் சேர்ந்திருப்பதால் வருமானப் பங்கீட்டை இப்போதே எழுதி முடியுங்கள். தொழிற்சாலை ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் அமையும், இரைச்சல் இன்னொன்றின் தலையில் விழும், சாலையும் குடிநீரும் நகராட்சியின் செலவில் வரும் என்ற நிலை ஏற்பட்டால், மூவரும் வரிச்சலுகையை ஏலம் விட்டு ஒரே நிறுவனத்தைத் தங்கள் பக்கம் இழுக்கத் தொடங்குவார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971இல் இயற்றிய சட்டத்தின்படி, மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரப் பகுதியின் வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படையில் ஏற்படும் வளர்ச்சியில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்புக்குப் போய், அங்கிருந்து எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரிக்கப்படுகிறது. டென்வர் விமான நிலையம் ஆடம்ஸ் மாவட்டத்திலிருந்து பெற்ற நிலத்தில் அமைந்தது. 1988இல் டென்வர் நகரமும் அந்த மாவட்டமும் செய்த ஒப்பந்தம் அங்கே விமானத்தோடு தொடர்பில்லாத வளர்ச்சியைக் கட்டுப்படுத்தியதால் நீண்ட பிணக்கு ஏற்பட்டது. 2015இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு அது திருத்தப்பட்டு, புதிய வளர்ச்சியிலிருந்து வரும் வரி வருவாயைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யப்பட்டது. இரண்டு உள்ளாட்சிகளுக்கு இடையே கால் நூற்றாண்டு எடுத்த சமரசம் அது. உங்கள் பகுதியில் இன்னும் ஒரு தொழிற்சாலைகூட வரவில்லை என்பதால், யாருக்கு லாபம் என்று தெரியாத இந்த நேரமே நியாயமான ஒப்பந்தத்துக்கு ஏற்றது.

ஒரே நிறுவனத்தை நம்பி நிற்பதன் விலையை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து வில்மிங்டன் அறியும். சிற்றூர் எனத்தக்க அந்த ஊரின் விமானப் பூங்காவைத் தனது உள்நாட்டுச் சரக்கு மையமாகப் பயன்படுத்திய டிஎச்எல், 2008இல் விலகுவதாக அறிவித்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். நிலையத்தின் உரிமையும் அந்த நிறுவனத்திடமே இருந்தது. 2010இல்தான் அது, ‘துறைமுக ஆணையம்’ என்று பெயர் கொண்ட உள்ளூர்ப் பொது வளர்ச்சி அமைப்பின் கைக்கு வந்தது. அதன் பிறகே வேறு நிறுவனங்களை அழைத்து வந்து மீண்டும் கட்டியெழுப்ப முடிந்தது. ஆகவே, நிறுவனம் விலகினால் என்ன ஆகும் என்று சொல்லும் வெளியேறும் விதியையும் குத்தகை ஒப்பந்தத்தில் இன்றே எழுதுங்கள்.

கடைசியாக, வருவாய் உத்தரவாதம். விமான நிறுவனம் ஒரு தடத்துக்கான குறைந்தபட்ச வருமானத்தைக் குறிப்பிட்டு, அது குறையும் மாதங்களில் இடைவெளியை உங்களிடமிருந்து வசூலிக்கும் ஏற்பாடு இது. முழுவதும் தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் வட்டாரத்தினர் எத்தனை பேர் தொலைவில் உள்ள பெரிய நிலையத்துக்குச் சாலையில் போய் விமானம் ஏறுகிறார்கள் என்பதைப் பயணச்சீட்டுத் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டால், அந்தத் தடத்துக்கு உண்மையான தேவை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தேவை இருந்தால், மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு, ஆண்டுதோறும் குறைந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் அட்டவணை, தடத்தின் கணக்குகளைப் பார்வையிடும் உரிமை, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் வகையிலான நேரம் ஆகிய நான்கையும் கேளுங்கள். அதே சலுகை எந்த விமான நிறுவனத்துக்கும் கிடைக்கும் என்று பொது அறிவிப்பும் கொடுங்கள். பெல்ஜியத்தின் ஷார்லெருவா நிலையத்தில் ரையன்ஏர் நிறுவனத்துக்கு மட்டும் தரப்பட்ட சலுகைகளின் ஒரு பகுதி சட்டத்துக்குப் புறம்பானது என்று ஐரோப்பிய ஆணையம் 2004இல் தீர்ப்பளித்தது. அந்த முடிவை நீதிமன்றம் 2008இல் ரத்து செய்தது. அத்தனை ஆண்டுக் கால வழக்கைத் தாங்கும் சட்டத்துறை உங்கள் நகராட்சியில் இருக்காது.

நீங்கள் அந்த விமான நிறுவனத்துக்கு இந்த வாரமே பதில் எழுத வேண்டியிருந்தால், தரவு ஆய்வு முடியும் வரை ஆறு மாத அவகாசம் கேட்டு எழுதுங்கள். ஆலோசனை நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் மூன்றைக் கேளுங்கள்: டாக்சிவேயை ஒட்டிய நிலத்தின் அளவு, அதில் இன்று இருக்கும் உரிமையாளர்களின் எண்ணிக்கை, ஓடுபாதை நீட்டிக்கப்பட்டால் மாறும் உயரப் பரப்புகளின் வரைபடம். மூன்று மன்றங்களின் கூட்டுக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, நிகழ்ச்சிநிரலின் முதல் பொருளாகக் கட்டட அனுமதிக்கான இடைக்காலத் தடையை வைத்து, வேலியைச் சுற்றி அது எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.