கேமன் தீவுக்குப் போக லண்டன் பட்டம் வேண்டுமா?

கேள்வி: சட்டம் முடித்து, சென்னையில் ஒரு கார்ப்பரேட் சட்ட அலுவலகத்தில் இரண்டு வருடமாக இருக்கிறேன். கேமன் தீவு, ஜெர்சி மாதிரி வரி குறைந்த தீவுகளில், வெளிநாட்டுக்காரர்கள் அங்கே பதியும் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் ஆஃப்ஷோர் வக்கீலாக ஆசை. வேலையை விட்டு, கடன் வாங்கி லண்டனில் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிக்கலாமா? அப்பாவோ, “அது கறுப்புப் பணக்காரர்களுக்குச் செய்யும் சேவகம். பேசாமல் ஹைகோர்ட்டில் ஒரு நல்ல சீனியரிடம் சேர்” என்கிறார்.
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: தம்பி, இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். கடனும் வேண்டாம்.

ஆஃப்ஷோர் நிறுவனங்கள் வெளியூர்க்காரர்களை எடுக்கும்போது பட்டத்தைவிட அனுபவத்தைத்தான் பார்க்கும். லண்டன், சிட்னி மாதிரி ஊர்களில் ஃபண்ட் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் அமைப்பு), வங்கிக் கடன் வேலைகளில் சில வருடம் ஊறியவர்களைத் தேடுவார்கள். லண்டன் வழியாகப் போக நினைத்து இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்குள்ள வக்கீல்) ஆவதென்றாலும் எல்.எல்.எம். கட்டாயம் இல்லை. 2021-ல் வந்த எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வை நம் ஊர் வக்கீலும் எழுதலாம். முதல் கட்டத்தின் 360 கேள்விகளையும் இந்தியாவிலேயே எழுதலாம்; இரண்டாம் கட்டத்தின் வாய்மொழித் தேர்வுக்குத்தான் அங்கே போகணும். கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை என்றாலும் எல்.எல்.எம். செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஒரு கேமன் கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, அங்குள்ள வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன், அதாவது எழுத்தில் சட்டக் கருத்து, கேட்கும். கம்பெனி நடப்பில் இருக்கிறதா, கடன் வாங்க அதிகாரம் உண்டா, கையெழுத்து முறையாக விழுந்ததா? தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயர் டைரக்டர் பதிவேட்டில் இல்லையென்றால், டீல் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் சார்ஜ், அதாவது கடனுக்கு ஈடாகக் கம்பெனி தன் சொத்தின் மேல் வங்கிக்குத் தரும் உரிமை. இங்கே அதைப் பதிய, சி.எச்.ஜி.-1 படிவத்தை 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் போடணும். பதியாத சார்ஜை, கம்பெனியை மூடிக் கணக்குத் தீர்க்கும் லிக்விடேட்டர் கணக்கில் எடுக்க மாட்டார். கேமனில் கம்பெனி தன் சொந்தப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதோடு சரி, அதனால் மற்றக் கடன் கொடுத்தவர்களைவிட முன்னுரிமை கிடைக்காது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலோ பதிவாளரிடம் யார் முதலில் பதிகிறாரோ அவருக்கு முன்னுரிமை. இதைப் படிக்கும்போதே ஆர்வம் வந்தால் இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்கும். அலுப்புத் தட்டினால் அப்பா சொல்வதையே யோசியுங்கள்.

அப்பாவின் பயம் நியாயமானது. ஒளிக்க வந்த பணமும் அந்தத் தீவுகள் வழியாகப் போயிருக்கிறது; 2016-ல் பனாமா ஆவணங்கள் (ஒரு பனாமா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்புகள்) வெளியானபோது உலகமே பார்த்தது. ஆனால் பல நாட்டுக்காரர்கள் ஒரே ஃபண்டில் பணம் போடும்போது, நடுவில் இன்னொரு வரி விழக் கூடாது என்றும் கேமனுக்குப் போகிறார்கள். அவரவர் நாட்டு வரியை அவரவர் கட்டத்தான் வேண்டும். கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று வக்கீல் கேட்டே ஆகணும். பதில் மழுப்பலாக வந்தால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள். எவ்வளவு சம்பளம் தந்தாலும் இதில் இறங்கி வராதீர்கள். அப்பாவிடமும் இப்படியே சொல்லுங்கள்.

இப்போது சீனியரிடம் கடன் ஆவணம், சார்ஜ், அந்நிய முதலீடு ஃபைல்களைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, குஜராத்தில் உள்ள சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியின் ஃபண்ட், விமான லீஸ் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு மாறப் பாருங்கள். நீங்களே முடித்த டீல்களைக் கட்சிக்காரர் பெயர் இல்லாமல் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். நேர்காணலில் அதை வைத்துத்தான் பேச்சே ஆரம்பிக்கும்.