கேளுங்க சொல்றேன்: ஈரப்பதம் அளக்குறவரு மச்சானா இருக்கலாமா?

கேள்வி: பொண்ணு பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம். மேல ஃபாரன்சிக் சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குறா. பொணத்தையெல்லாம் அறுக்கணுமேன்னு அவங்க அப்பா பயப்படுறாரு. வேலை கெடைக்குமா?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: மொதல்ல அவரு பயத்த எறக்கி வைங்கம்மா. பொணம் அறுக்குறது டாக்டருங்க வேலை, இது கோர்ட் கேஸுக்காக உசுரோட எதிர்ல உக்காந்திருக்குற ஆள்கிட்ட பேசி மனச மதிப்பிடுற வேலை. அதுக்காக சீரியல்ல வர்ற மாதிரி ரத்தக்கறைய ஒரு தடவ பாத்துட்டு கொலகாரனுக்கு இடதுகை பழக்கம்னு சொல்றதும் இல்ல. உதாரணத்துக்கு, 16 முடிஞ்சு 18 ஆகாத பையன் ஒரு கொடூரக் குத்தத்துல மாட்டுனான்னு வைங்க, அவன பெரியவங்கள விசாரிக்கிற மாதிரி விசாரிக்கணுமான்னு சிறார் நீதி வாரியம் 2015 சட்டப்படி ஒரு முதல்கட்ட மதிப்பீடு பண்ணும், வாரியத்துல கொழந்தைங்க மனநலம் படிச்சவங்க இல்லன்னா வெளிலேந்து சைக்காலஜிஸ்ட் மாதிரி ஒரு நிபுணர கட்டாயம் கூப்புடணும்னு 2022-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அங்க போயி அவன் செஞ்சானா இல்லையான்னு துப்பறியக் கூடாது. செய்ற அளவுக்கு மனசும் ஒடம்பும் இருந்துச்சா, பின்னாடி என்ன ஆகும்னு புரிஞ்சுதா, எந்த சூழ்நிலைல நடந்துச்சு, அவ்வளவுதான் கேள்வி. இந்தக் கோட்டுக்குள்ள நிக்குறதுதான் இந்தத் தொழில்லயே கஷ்டமான காரியம்.

இதுபோக போக்சோ கேஸ் கொழந்தைங்க, குடும்ப கோர்ட், ஜெயில், தடய அறிவியல் லேப்னு வேலை செதறிக் கெடக்கு. குஜராத் காந்திநகர்ல தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே முதுகலை இருக்கு. ஆனா நம்ம டெல்டா பக்கம் ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட் தேவைன்னு ஒரு விளம்பரத்த நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, அதனால கிளினிகல் சைக்காலஜி பக்கமா போயி ஆர்.சி.ஐ.ல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு வாங்கிட்டா கிளினிக்கும் நடத்தலாம், கோர்ட் கேஸும் பாக்கலாம், என் கணக்கு அது. பதிவு இல்லாம கிளினிகல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டுனா சட்டப்படி தப்பு. படிப்பு விதிமுறைங்க மாறிக்கிட்டே இருக்கு, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த காலேஜுக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கான்னு பாத்துருங்க.

கேள்வி: நான் கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட். ஆறு மாசமா எங்கிட்ட வர்ற ஒரு அக்கா இப்ப டைவர்ஸ் கேஸ் போட்டிருக்காங்க. புள்ளய வளக்குறதுக்கு அவங்க புருசன் லாயக்கில்லன்னு ஒரு லெட்டர் குடுங்கன்னு அவங்க வக்கீல் கேக்குறாரு. அவங்க கஷ்டம் உண்மைன்னு எனக்குத் தெரியும். சின்ன ஊரு, எங்க சித்திக்கும் வேண்டப்பட்டவங்க. குடுக்கலாமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: குடுக்காதீங்க தம்பி. கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல காட்டுனா மூட்டைய ஓரங்கட்டிருவாங்கள்ல, அந்த மெஷின கைல வச்சிருக்கவரு உங்க மச்சானா இருந்தா என்ன ஆகும்? அவரு நேர்மையா 16-னு சொன்னாக்கூட பின்னாடி வரிசைல நிக்குறவன் நம்ப மாட்டான். நீங்க அந்த அக்காவுக்கு வைத்தியம் பாக்குறவரு, அவங்க பக்கம் நிக்குறதுதான் உங்க வேலை, அப்படி நிக்கலன்னாதான் தப்பு. கோர்ட்டுக்கு மதிப்பீடு பண்றவரு யாரு பக்கமும் நிக்கக் கூடாது. ஒரே ஆளு ரெண்டும் பண்ண முடியாது.

அதவிட பெருசு, அந்த மனுசன நீங்க பாத்ததே இல்ல. பாக்காத ஆளப் பத்தி லாயக்கு, லாயக்கில்லன்னு எழுதுறது நம்ம தொழில்ல பெரிய பாவம். தொழிலுக்கு வந்த புதுசுல இந்தத் தப்ப நானே பண்ணிருக்கேன், அந்தம்மா அழுதுச்சேன்னு எரக்கப்பட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டேன். கூண்டுல ஏத்தி எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "அவர எத்தன தடவ பாத்தீங்க?" ஒரு தடவகூட இல்லைங்கன்னேன். அதுக்கப்புறம் நான் உண்மையா பாத்து எழுதுனதையும் யாரும் காதுல வாங்கல, நட்டம் எனக்கில்ல, அந்தம்மாவுக்குத்தான்.

நீங்க செய்யக் கூடியது இது. எந்தத் தேதிலேந்து வர்றாங்க, என்ன சொன்னாங்க, நீங்க என்ன கவனிச்சீங்க, இத அவங்க எழுத்துல சம்மதம் குடுத்தா தரலாம், "சொன்னாங்க"ங்கறத "நடந்துச்சு"ன்னு மட்டும் மாத்திறாதீங்க. புள்ள யாருகிட்ட இருக்கணும்ங்கறதுக்கு கோர்ட்டே ஒரு நிபுணர கூப்புட 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்துல வழி இருக்கு, வக்கீல அந்த மனு போடச் சொல்லுங்க, அந்த நிபுணரு அப்பா அம்மா ரெண்டு பேரையும் புள்ளையையும் பாத்து எழுதட்டும். இன்னொன்னு, வக்கீலுக்கு இருக்குற மாதிரி ரகசியப் பாதுகாப்பு நமக்குக் கெடையாது, கோர்ட் சம்மன் அனுப்புனா போயித்தான் ஆகணும். இத மொத நாளே அந்த அக்காகிட்ட சொல்லிருந்தீங்களா? இல்லன்னா இன்னைக்கே சொல்லிருங்க. சித்திகிட்ட என்ன சொல்றதுன்னு கேக்காதீங்க, அதுக்கு எங்கிட்டயும் பதில் இல்ல.

கேள்வி: எங்க ஊருல போர்செட் ஒயரு நாலு தடவ களவு போயிருச்சு. ஒரு பையன் மேல சந்தேகம், கேட்டா ஒடம்பெல்லாம் நடுங்குது. பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல உக்கார வைக்க முடியாதா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அது பொய்ய கண்டுபிடிக்கிற மெஷின் இல்லைங்க. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், வேர்வை, இதத்தான் அளக்கும். ஊரே சுத்தி நின்னு கேட்டா களவாடாதவனுக்கும் வேர்க்கத்தான் செய்யும். அவன் சம்மதம் இல்லாம உக்கார வைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2010 மே மாசமே தீர்ப்பு சொல்லிருச்சு, சம்மதிச்சாலும் அத மாஜிஸ்திரேட் முன்னாடி பதிவு பண்ணணும், அதுக்கப்புறமும் வர்ற ரிசல்ட்டு மட்டும் சாட்சியா நிக்காது. ஸ்டேஷன்ல புகார் குடுத்து சி.எஸ்.ஆர்.னு புகாருக்கான ரசீத வாங்குங்க. உரிச்ச செம்பு பழைய இரும்புக் கடைக்குத்தான போயிருக்கும், மொதல்ல அங்க விசாரிக்கச் சொல்லுங்க, பையன விட்ருங்க.