ஊசி, நூல், பூனை: வாசகர் கேள்வி – பதில்

கையால் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை, அன்பளிப்புப் பொருட்கள் பற்றிச் சேலம், ஏற்காடு வாசகர்கள் எழுதிய கேள்விகள் இவை. பல கடிதங்களில் பூனையும் வந்து உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேர்த்தே பதில்.

வீட்டில் தையல் மெஷின் இல்லை. சிங்கிள் கட்டிலுக்குக் கையாலேயே ஒட்டுத்துணிப் போர்வை தைக்க எந்தத் துணி, எவ்வளவு வேண்டும்? (வாசகி, அம்மாபேட்டை)

60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடித்தபின் 6 அங்குலம் நிற்கிற சதுரம் என்றால் 6½ அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அகலத்தில் 10, நீளத்தில் 15, ஆக 150 சதுரம். 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒரு வரிசைக்கு 6 வரும். ஒரு மீட்டரில் கணக்குப்படி 36 சதுரம் வெட்டலாம், ஆனால் 39 அங்குலமும் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். கடையில் துணியைக் கோணலாகக் கிழித்திருந்தால் கடைசி வரிசை போச்சு. மீட்டருக்கு 30 என்றே கணக்கு வையுங்கள். எல்லா நிறமும் சேர்த்து 5 மீட்டர் போதும்.

அடித்துணிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஐந்தரை மீட்டர் நூல்சேலை ஒன்றை நடுவில் வெட்டி, நீளவாக்கில் இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஏறக்குறைய 108க்கு 89 அங்குலம் கிடைக்கும். மேல்துணியைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் 64க்கு 94 தேவை, அதற்குத் தாராளம். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் கிழிகிற அளவு நைந்த சேலையை மட்டும் அடிக்குப் போடாதீர்கள். அது மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையே வைக்கும் நடு அடுக்குக்குப் போகட்டும். நடு அடுக்கில் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேசாகக் கோத்துவிடுங்கள். ஏற்றினால் அந்த இடம் மேடு தட்டும்.

துணி வகை: பாப்ளின், கேம்பிரிக், ஜாக்கெட்டுக்கான டூ பை டூ. கட்பீஸ் கடையில் பருத்தி என்று சொல்லிக் கலப்புத் துணியும் வரும். ஓரத்து நூல் ஒன்றை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையுடன் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணிபோல் இறுகும். இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, முதல் சலவையிலேயே சதுரங்கள் இழுத்துக்கொள்ளும்.

வெட்டுமுன் எல்லாத் துணியையும் துவைத்து, ஈரத்தில் வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பும் அரக்கும்தான் அதிகம் ஏமாற்றும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பாதீர்கள், நிற்காது. மூன்று அலசலுக்குப் பிறகும் சாயம் விடுகிற துணியை இந்தப் போர்வையில் சேர்க்காதீர்கள்.

தைக்க உட்கார்ந்தாலே எங்கள் பூனை நூலைக் கவ்வுகிறது. நூல்தானே, வயிற்றுக்குள் போனாலும் வெளியே வந்துவிடும் என்கிறார் மாமியார். உண்மையா? (வாசகி, அஸ்தம்பட்டி)

சில சமயம் வரும். வராதபோது உயிருக்கே ஆபத்து. பூனையின் நாக்கில் இருக்கும் சொரசொரப்பான முட்கள் தொண்டையைப் பார்த்துத் திரும்பியிருப்பவை. வாயில் போன நூலைத் துப்ப நினைத்தாலும் அதனால் எளிதில் முடியாது. நாக்கை அசைக்க அசைக்க நூல் உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், நாடாவை இழுத்த பாவாடை போலக் குடல் கொசுவிக்கொள்ளும். இறுகிய நூல் குடல் சுவரை அறுக்கவும் செய்யும். ஊசியோடு சேர்ந்து போனால் கேட்கவே வேண்டாம்.

வாந்தி, சாப்பிட மறுப்பது, எச்சில் வடிவது, கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவது ஆகியவை அடையாளங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவது தெரிந்தால் இழுக்கவே கூடாது. விளக்கெண்ணெய் புகட்டுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இரண்டும் வேண்டாம். சாப்பாட்டை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால்தான் வெறும் வயிறு. எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. ஆகவே எத்தனை அங்குலம், என்ன நூல், ஊசி இருந்ததா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உள்ளூரில் அறுவை வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வராமல் தடுப்பது சுலபம். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். நீள நூல் பூனையைக் கூப்பிடும், முறுக்கேறி முடிச்சும் போடும். வெட்டிய துணுக்கு நூலைத் தரையில் விடாமல் மூடியில் துளை போட்ட டப்பாவுக்குள் அப்போதே தள்ளுங்கள். ஊசி எத்தனை எடுத்தீர்களோ அத்தனையும் எண்ணித் திரும்ப வையுங்கள். ஒன்று குறைந்தால், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்தால் அகப்படும். பாதி தைத்த வேலையைச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். தைக்கும் முன் பத்து நிமிஷம் பூனையை ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, பிறகு சாப்பாடு போட்டால் அது தூங்கப் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது.

மூன்று அடுக்கையும் பிடித்து வைக்கக் கச்சாத் தையல் நல்லதா, சேஃப்டி பின் நல்லதா? (வாசகி, கொண்டலாம்பட்டி)

பூனை இல்லாத வீட்டில் கச்சாத் தையல், அதாவது பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல். 2 அங்குல நீள இழைகளாக, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, 4 அங்குலத்துக்கு ஒரு வரிசை. பூனை இருந்தால் அந்த நீள இழை ஒவ்வொன்றும் நகம் மாட்டுகிற கொக்கி. அங்கே சேஃப்டி பின்தான் மேல்: 4 அங்குலத்துக்கு ஒன்று, எல்லாம் மூடியபடி. குண்டூசி எந்த வீட்டிலும் வேண்டாம்.

ஏற்காட்டு வாசகர்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடுபனிக் காலத்தில் சாதாரணப் பின்னை நாட்கணக்கில் துணியில் விட்டால் துருக்கறை பிடிக்கும், அது போகாது. அங்கே கச்சாத் தையல் போட்டு, வேலை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டியே வையுங்கள்.

தைத்து முடித்தால் மேல்துணி அங்கங்கே சுருங்கி நிற்கிறது. மூலைகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. (வாசகர், ஓமலூர்)

இரண்டும் வேறு வேறு நோய்.

மூலை சேராததற்குக் காரணம் அநேகமாகச் சதுரம் வரைய வைக்கும் அளவு அட்டை. நூறு முறை பென்சில் ஓட்டிய காகித அட்டையின் மூலை மழுங்கி அளவு மாறிவிடும். பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிக்கொள்ளுங்கள், தேயாது. தைக்கும் கோட்டையும் துணியின் பின்புறத்தில் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும்; கண்ணளவில் கால் அங்குலம் விட்டால் அளவு தப்பிவிடும். 1 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே தைத்தால் இரண்டு துணிக்குமாகச் சேர்த்து 2 போகும். 10 சதுர வரிசையில் 9 தையல், ஆக 18 மில்லிமீட்டர், முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அடுத்த வரிசையில் நீங்கள் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

சதுரங்களைச் சேர்க்க ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் ஓட்டுத் தையலில் அங்குலத்துக்கு 8 இழை வரட்டும். ஒவ்வொரு அங்குலத்திலும் ஒரு பின்தையல் (ஒரு இழை பின்னால் போய் மீண்டும் முன்னால் வருவது) போட்டால், நடுவில் நூல் அறுந்தாலும் முழுத் தையலும் பிரியாது. தையல் ஓரங்களை முதல் வரிசையில் வலப்பக்கமும் அடுத்ததில் இடப்பக்கமுமாக மடித்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மேடும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். மூலை தானாகச் சேரும்.

சுருக்கம் விழுவது அடுக்குகிற இடத்தில். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்தவுடன் அது சுருங்கி மேல்துணியைக் கூட்டிக்கொள்ளும். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வராதீர்கள். நடுவில் தொடங்கி வெளியே போங்கள். தொடக்கக்காரருக்கு இங்கே அங்குலத்துக்கு 5 இழை போதும். சிறிதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பது முக்கியம்.

அங்குஸ்தான் (ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் போடும் கவசம்) கட்டாயமா? (வாசகி, மேச்சேரி)

மூன்று அடுக்குக்குக் கட்டாயம். நடுவிரலில் போடுங்கள். ஊசி 9ஆம் நம்பர் எடுங்கள்; நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், குட்டையாகும்.

போர்வைகளை அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வாடை. பாச்சா உருண்டை போடலாமா? இரண்டு பூனைகள் உண்டு. (வாசகி, நாகலூர், ஏற்காடு)

போடக் கூடாது. அதிலிருக்கும் நாஃப்தலீன் பூனைக்கு விஷம். ரத்த அணுக்களையும் ஈரலையும் கெடுக்கும். அலமாரிக்குள்தானே இருக்கிறது என்றாலும், அந்தப் போர்வையில் புரண்டுவிட்டுப் பூனை தன் மயிரை நக்கும். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் அதே கணக்கு. நிழலில் காய்ந்த வேப்பிலையை மல் துணியில் முடிந்து வையுங்கள். அது பூச்சிக்கு மட்டும்தான், பூஞ்சைக்கு உதவாது.

பூஞ்சைக்கு ஈரமும் தீனியும் வேண்டும். கஞ்சி போட்ட துணி அதற்குத் தீனி, ஆகவே வைக்கப்போகும் போர்வைக்குக் கஞ்சி போடாதீர்கள். சுவரை ஒட்டி வைக்காமல், மரப்பலகைமேல், நூல்துணிப் பைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். வெயில் அடிக்கிற நாள் கிடைத்தால் விடாதீர்கள். ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெயிலில் காயவைத்து, பிறகே துவையுங்கள்.

உங்கள் குளிருக்கு நடு அடுக்கு வேண்டும்தான். பஞ்சு ஷீட் கனமாக ஈரத்தைக் குடிக்கும். மெல்லிய பாலியஸ்டர் ஷீட் சீக்கிரம் காயும். எதைப் போட்டாலும் தையல் வரிசைகளுக்கு இடையே 3, 4 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், உள்ளே இருப்பது நகர்ந்து ஒரு மூலையில் சேரும். இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது, போர்வைக்கு வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலுக்கோ நடு அடுக்கே தேவையில்லை, மேலும் அடியும் போதும்.

பட்டுச்சேலைத் துண்டுகள் நிறைய இருக்கின்றன. போர்வை தைத்தால் பூனை நகம் தாங்குமா? (வாசகி, இளம்பிள்ளை)

தாங்காது. புட்டா, பார்டர் உள்ள துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். நெசவில் பிடிபடாத நீள இழைகள் இருக்கும். முன்பக்கத்தில் ஜரிகையும் அப்படியே மிதந்து நிற்கும். பூனை முன்னங்காலால் பிசையும்போது நகம் அதில் மாட்டி இழுத்துவிடும். நெருக்கமாக நெய்த சாதாரணப் பருத்தியில் நகம் துளை போட்டுவிட்டு வந்துவிடும், இழை உருவாது.

பட்டுத் துண்டுகளைக் குஷன் உறை, பரிசுப் பைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டு மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் விரியும். அந்தக் கோட்டைத் தவிர்த்து வெட்டி, பின்னால் மல் துணி வைத்துத் தைக்க வேண்டும்.

வளைகாப்புக்கு 50 தாம்பூலப் பை, எல்லாம் ஒட்டுத்துணியில், கையால் தைக்க முடியுமா? (வாசகி, சங்ககிரி)

ஐம்பதும் கையால் வேண்டாம், நாள் நெருங்க நெருங்கத் தையல் பெரிதாகிக்கொண்டே போகும். நெருங்கிய சொந்தத்துக்குப் பத்தோடு நிறுத்துங்கள். ஒரு பைக்கு 4½ அங்குலச் சதுரம் நான்கு; சேர்த்தால் 8½க்கு 8½. அதன் மேல் 8½க்கு 3 அங்குலப் பட்டை. பின்பக்கம் 8½க்கு 11 ஒரே துண்டு. மேலே ஒரு அங்குலம் மடித்து நாடா ஓடும் வழி. தேங்காய் உட்காரும் அடிப்பக்கத்துக்கு ஓட்டுத் தையல் போதாது, முழுக்கப் பின்தையல். நாடாவைக் கடைசியாக, கொடுக்கும் நாளுக்கு முன்தினம் கோத்துவிடுங்கள். வீட்டிலேயே பூனைக்கு மிக ஆபத்தான பொருள் அதுதான்.

பிறந்த குழந்தைக்குப் போர்வை கொடுக்கப் போகிறேன். எங்கள் வீட்டுப் பூனை மயிர் ஒட்டியிருக்கிறது. (வாசகி, ஆத்தூர்)

துவைக்கும் முன் உலர்ந்த நிலையிலேயே எடுங்கள். நனைந்தால் மயிர் தையலுக்குள் இறங்கிவிடும். ரப்பர் கையுறையைச் சற்று ஈரமாக்கி ஒரே திசையில் தடவினால் உருண்டு வரும். ஆனால் ஒவ்வாமை தருவது மயிர் மட்டும் இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதம் துணியில் படிந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. சாயம் தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்துக் காயவைத்து உடனே உறையிலிட்டு மூடுங்கள். அந்த வீட்டில் வீசிங், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அளவு 36க்கு 45 அங்குலம்: 5 அங்குலத்துக்கு வெட்டிய சதுரம் 80. பொத்தான், மணி, தொங்கல் எதுவும் வைக்காதீர்கள். போர்வை, விழித்திருக்கும் குழந்தையைப் படுக்கவைத்து விளையாட விரிப்பதற்கு. தூங்கும் கைக்குழந்தைமேல் போர்த்த வேண்டாம்.

மிஞ்சிய துண்டில் பூனைக்கு ஏதாவது தைக்கலாமா? (மாணவி, செவ்வாய்ப்பேட்டை)

16க்கு 16 அங்குலத்தில் ஒரு விரிப்பு தைத்து, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். உங்கள் மடியிலுள்ள வேலையை விட்டு அங்கே போகும். உள்ளே துணிச் சிம்புகள் வைக்கலாம், நூல் சிம்புகள் வேண்டாம். எலிப் பொம்மை என்றால் கண்ணுக்குப் பொத்தானும் வாலுக்குக் கயிறும் கூடாது. கண்ணை மார்க்கரால் வரையுங்கள், வாலைத் துணியில் தைத்து நிரப்புங்கள். குப்பைமேனி வேரின் வாசனைக்குப் பூனைகள் மயங்கிப் புரளும். ஆனால் அதைத் தின்னவிடக் கூடாது. பொம்மைக்குள் வைத்துத் தைக்காமல், வேரைத் துணியில் நன்றாகத் தேய்த்துவிட்டு வேரை எறிந்துவிடுங்கள். தையல் விட்டதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, விட்டிருந்தால் அன்றே தைத்துவிட வேண்டும்.