மென்பொருள் வேலையை விட்டு ஆலோசகர் ஆகலாமா? - கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். பதினோரு வருடம் மென்பொருள் நிறுவனங்களில் புரோகிராம் எழுதினேன். ஏழு வருடமாகத் தனியாகத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். வடசென்னைப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

அக்கா, எட்டு வருட அனுபவம் இருக்கிறது. ஆலோசகர் என்றால் என்னதான் வேலை? - தண்டையார்பேட்டை

ஒரே பெயரில் மூன்று வேலைகள் இருக்கின்றன தம்பி. மென்பொருள் விற்கும் நிறுவனத்தில் விற்பனைக்கு முன்னும் பின்னும் வாடிக்கையாளரோடு உட்காருவது ஒன்று. பெரிய ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து, அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போவது இன்னொன்று. இரண்டிலும் மாதச் சம்பளம் உண்டு. மூன்றாவது, என்னைப் போலத் தனியாக நிற்பது. எதைக் கேட்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேலை என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், "சாஃப்ட்வேர் மெதுவாக இருக்கிறது, புதிதாக எது வாங்கலாம்?" என்று கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைத் தொடாமல் இரண்டு நாள் கேட்டில் நின்றேன். காவலாளி கன்டெய்னர் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதுகிறார். மழையில் நனைந்த அந்தச் சீட்டைப் பார்த்து உள்ளே ஒருவர் தட்டுகிறார். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் மற்ற பத்தும் சரியா என்று கணக்குப் போட்டுச் சரிபார்ப்பதற்காகவே உலகம் முழுக்க வைத்திருப்பது. இவர்களுடைய சாஃப்ட்வேர் அதைப் பார்க்கவே இல்லை. தப்பு நுழைந்தது பில் போடும்போதுதான் தெரியும். அதுவரை லாரி வெளியே நிற்கும். இருபது வரி புரோகிராமில் தீர்ந்தது. புதிய சாஃப்ட்வேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். "வேண்டாம்" என்று சொன்னதற்குத்தான் எனக்குக் கூலி.

தினமும் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிக்குப் போய்வர முடியவில்லை. அதனால்தான் மாற நினைக்கிறேன். - எண்ணூர்

அந்தக் காரணத்துக்காக மாறாதீர்கள். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தும் உங்கள் பாடு தீரவில்லை என்பது தெரியும். ஆனால் ஆலோசகருக்கு அலைச்சல் இன்னும் அதிகம். நான் போன மாதம் ஸ்ரீபெரும்புதூருக்கு ஆறு முறை போனேன்.

கட்டணம் எவ்வளவு கேட்பது? - கொளத்தூர்

எல்லாரும் தப்புப் பண்ணும் இடம் இது. வருடம் 18 லட்சம் வாங்குபவர் அதை 264 வேலை நாட்களால் வகுத்து, "நாளுக்கு ஏழாயிரம் கேட்டால் போதும்" என்கிறார். தனியாக வந்தபின் பாதி நாள் வாடிக்கையாளரைத் தேடுவதிலும் மதிப்பீடு எழுதுவதிலும் பணம் வசூலிப்பதிலும் போய்விடும். பில் போட முடிகிற நாள் எனக்கு 120தான் தேறுகிறது. அப்படியானால் 15,000. பிஎஃப், காப்பீடு, லேப்டாப் செலவு அதற்கு மேல்.

ஜிஎஸ்டி, வரி? - பெரம்பூர்

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்; ஆலோசனைக்கு 18 சதவீதம். நிறுவனங்கள் உங்கள் வருமான வரியில் ஒரு பங்கை டிடிஎஸ் என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். போன பணம் இல்லை அது. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். மற்றதை ஆடிட்டரிடம் விடுங்கள்.

வேலை முடித்துக் கொடுத்தபின் பணம் தராவிட்டால்? - ராயபுரம்

அனுபவித்திருக்கிறேன். முதல் வருடம் பாரிமுனையில் ஒரு நிறுவனம் ஐந்து மாதம் இழுத்தடித்தது. போகும்போதெல்லாம் டீ வரும், செக் வராது. ஒப்பந்தமே எழுதவில்லை, பிழை என்னுடையது. இப்போது 40 சதவீதம் முன்பணம் வராமல் பையை எடுப்பதில்லை. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், செய்துவையுங்கள். 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தவணை வைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இந்த ஒரு வரியைப் பில்லின் அடியில் அச்சடித்ததிலிருந்து எனக்கு டீ குறைந்துவிட்டது.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, மாதச் சம்பளத்தை விடுவதா என்று சண்டை போடுகிறார். - திருவொற்றியூர்

அப்பா சொல்வதில் பாதி நியாயம். எட்டு மாதச் செலவைத் தனியே எடுத்து வைக்காமல் ராஜினாமா எழுதாதீர்கள். வீட்டுக் கடன் வாங்குவதாக இருந்தால் வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தனித்தொழில் என்றால் வங்கி சில வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும். கம்பெனிக் காப்பீடு வேலையோடு போய்விடும். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம். அதை இப்போதே தொடங்குங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டுப் பேசினால் சண்டையின் சத்தம் குறையும்.

எம்பிஏ வேண்டுமா? - வியாசர்பாடி

தனியாகத் தொழில் செய்வதற்கு எம்பிஏ தேவையில்லை.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. - எருக்கஞ்சேரி

தம்புச் செட்டித் தெருவில் சுங்க முகவர் அலுவலகங்களில் ஏறி இறங்கிப் பாருங்கள், பேச்செல்லாம் தமிழ்தான். அங்கே வேண்டியது 'பில் ஆஃப் என்ட்ரி' (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) எந்த மேஜையில் நிற்கிறது என்று கேட்கத் தெரிவது. துறைமுக வாசலில் வளர்ந்த பிள்ளைக்கு அது பாதி தெரிந்த சங்கதி. வெளியூரிலிருந்து வருபவர் புதிதாகக் கற்க வேண்டும். ஆனால் ஒரு பக்க அறிக்கையைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். அதற்கு விலக்கு இல்லை.

சரிவராவிட்டால் திரும்ப வேலைக்குப் போக முடியுமா? - மாதவரம்

முடியும், கை பழக்கம் விடாமல் இருந்தால். இரண்டாம் வருடம் பயந்துபோய் ஒரு நேர்காணலுக்குப் போனேன். எளிய புரோகிராம் ஒன்றைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பாதியில் அழித்தேன், மறுபடி நின்றேன். என்னைவிடப் பத்து வயது இளைய பெண் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, "பரவாயில்லை மேடம்" என்றாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பேன்.