தாத்தாவோடு என்ன பேசுவது?

அன்புள்ள ஐயா,

திருச்சியிலிருந்து வந்து சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம், நிரந்தரவாசிகள். மகன் தொடக்கநிலை 4, மகளுக்கு மூன்று வயது. தமிழில் கேட்டால் மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பேச்சுக்குப் பேச்சு இங்குள்ளவர்கள் மாதிரி ‘லா’ வேறு. ஊருக்கு போன் போட்டால் தாத்தாவிடம் இரண்டு வார்த்தைதான். அங்கேயும் ஒட்டாமல் இங்கேயும் ஒட்டாமல் போய்விடுவானோ? தமிழுக்கு டியூஷன் வைக்கலாமா?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

‘லா’வை விடுங்கள். 18 வயதில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைப்பயிற்சிக்குப் போய்ச் சீன, மலாய்ப் பையன்களோடு படுத்து எழப்போகிறவன் அவன். உறையூர்ப் பையனாக இல்லையே என்பது உங்கள் ஏக்கம், அவன் குறையல்ல.

டியூஷன் வைத்தால் கருத்தறிதலுக்கு உதவும். ஆனால் தொடக்கநிலை 6 முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்வில், தமிழில் வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் சேர்த்து 200இல் 70 மதிப்பெண். காணொளியைக் காட்டிப் பேசச் சொல்வார்கள். வீட்டில் வாயே திறக்காதவன் அங்கே என்ன பேசுவான்? நீங்களும் கணவரும் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே!

எனக்கு வெகுநாளாக எரிச்சல் இந்த போன் விஷயத்தில்தான். பல வீடுகளில் ஒரே கூத்து. ஞாயிறு இரவு ஒன்பது மணி, ஊரில் ஆறரை. விளையாடிக்கொண்டிருக்கும் பையனை இழுத்துவந்து போன் முன் நிறுத்துவது. “சாப்டியா?” “ம்.” “நல்லா படிக்கிறியா?” “ம்.” மூன்றாவது கேள்விக்கு அம்மா பின்னாலிருந்து பதிலை ஓத, அவன் ஒப்பித்துவிட்டு ஓடிவிடுகிறான். பிறகு அவனுக்குத் தமிழ் வரவில்லை என்று கண்ணீர். ‘ம்’ போதுமான கேள்விக்கு யார்தான் அதற்கு மேல் பேசுவார்கள்?

தாத்தாவிடம் முதல் நாளே பேசிவையுங்கள். ஒரு கேள்வி போதும். அதற்கு விடை தாத்தாவுக்குத் தெரியாததாக, பேரனுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். “உங்க ஊர் பஸ்ல கண்டக்டர் இல்லையாமே, காசு யாருப்பா வாங்குவா?” கார்டைத் தட்ட வேண்டும் என்பான். “இறங்கும்போதுமா? மறந்துட்டா?” “கடைசி ஸ்டாப் வரைக்கும் காசு எடுத்துரும் தாத்தா!” இதில் பஸ், கார்டு, ஸ்டாப் எல்லாம் இருக்கட்டும். நீங்கள் பேசும் தமிழில் இல்லையா?

“நான் நேத்து போறேன்” என்றால் சிரிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. “ஓ, நேத்து போனியா, அப்புறம்?” என்று தாத்தா சரியான வடிவத்தைத் தன் பேச்சில் வைத்து நகர வேண்டும். அவன் திணறினால் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த அறையிலேயே இருக்காதீர்கள். இருந்தால் சொல்லுக்கு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். போனைச் சாய்த்து வைத்துவிட்டால் கையில் லெகோவோ பென்சிலோ இருக்கலாம். பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். வாரம் மூன்று நாள்.

இன்னொன்று, உங்கள் அப்பாவுக்கு. பேரனோடு இங்கிலீஷில் பேசிக்காட்டும் ஆசை தாத்தாக்களுக்கு உண்டு. அதை அக்கம்பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி வயதைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு அவள் பற்றித்தான் கவலை. பள்ளியிலிருந்து அண்ணன் கொண்டுவரும் ஆங்கிலம்தான் இனி அவர்கள் விளையாட்டு மொழி. தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது. இரண்டாவது பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது இது. ஆகவே அவளுக்குத் தனியாக போன் போடுங்கள், அண்ணன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.