என் மீடியா சர்வர் 1080பி படங்களை 720பி என்று காட்டுகிறதே, ஏன்?

இந்நேரம் அந்த லேபிளை நம்பி நீங்களும் நாலைந்து படங்களை அழித்திருப்பீர்கள். இன்னும் இல்லை என்றால் முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள்.

என் மீடியா சர்வரில் (கணினியில் சேர்த்த படங்களை வரிசைப்படுத்தி டிவியில் காட்டும் மென்பொருள்) இருப்பதெல்லாம் நானே வட்டு வாங்கி ஏற்றியவை (ஆமாம், காசு கொடுத்துத்தான், அதற்கென்று ஒரு பின்னூட்டம் வேண்டாம்). ஒருநாள் ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை. சில படங்களுக்கு இரண்டு பிரதி இருந்தது. ஒன்றில் 1080பி, மற்றதில் 720பி என்று லேபிள் (படத்தின் உயரம் எத்தனை வரி என்பதுதான் அந்த எண்). யோசிக்க என்ன இருக்கிறது? 720-ஐத் தூக்கினேன். மொத்தம் பதினொரு படம்.

அன்றிரவு ஒரு படத்தைப் போட்டால் இருட்டுக் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து பார்த்தேன். வைத்திருந்த கோப்பு 1920×1080 (அகலம்×உயரம்) தான். ஆனால் விவரம் தெரியாத காலத்தில், மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையோடு சேர்த்து, கோப்பின் அளவைக் குறைக்க நான் நசுக்கி வைத்தது. அழித்ததோ, பட்டையை வெட்டிவிட்டுப் பொறுமையாக எடுத்த 1920×800. அகலத்திரைப் படத்தின் அகல-உயர விகிதம் 2.40:1 என்றால் 1920-ஐ 2.40-ஆல் வகுக்க வருவது 800. சர்வர் மென்பொருள் உயரத்தை மட்டும் பார்த்து, 1080 எட்டவில்லையே என்று ஒரு படி இறக்கிவிட்டது. ஆக, படத்தை அழித்துவிட்டுப் பட்டையைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

"800 வரியை 1080 என்று எப்படிச் சொல்லலாம்?" என்று ஒருவர் வருவார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் பட்டை ஒட்டிய பிரதியிலும் படம் இருப்பது அதே 800 வரியில்தான் ஐயா. அதற்காக அகலத்தை மட்டும் நம்பினாலும் அடி விழும்: பழைய 4:3 படங்கள் 1440×1080 ஆக இருக்கும். அகலம் 1920, உயரம் 1080, இரண்டில் ஒன்றைத் தொட்டால் 1080பி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 3840×1600 ஐ 4கே (முழு அளவு 3840×2160) என்பதும் இதே கணக்கில்தான்.

உங்கள் கோப்பில் அகலம் 1280 என்று வந்தால் லேபிள் சரி, கோப்பின் பெயர்தான் பொய். நல்ல பிரதியைப் பழைய பெயரிலேயே மாற்றி வைத்தீர்களா? அப்படியானால் சர்வர் பழைய தகவலையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் படத்துக்கு மட்டும் மெட்டாடேட்டாவை (சர்வர் குறித்து வைத்திருக்கும் விவரங்களை) புதுப்பிக்கச் சொல்லுங்கள். முழு நூலகத்தையும் அழித்து மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள். எதுவரை பார்த்தோம் என்ற கணக்கெல்லாம் போய்விடக்கூடும்.

பதினொன்றையும் திரும்ப ஏற்றலாம் என்று பெட்டியைத் திறந்தால் மூன்று வட்டைக் காணோம். இரவல் வாங்கிப் போனவர்கள் கேட்டால்கூடத் தருவதில்லை. ஒன்று மட்டும் வந்தது, நடுவில் ஒரு நீளக் கீறலோடு. கொடுத்தபோது கீறல் இல்லை.