கேள்வி–பதில்: நாய் ‘இன்னவா’, தேயிலை ‘தியெனவா’

கேள்வி: வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலம். நான்கு வயது மகன் மூன்றையும் கலந்து பேசுகிறான். ‘அம்மா வீட்டில் இருக்கிறார்’ என்பதைச் சிங்களத்தில் “அம்மா கெதர தியெனவா” என்று சொல்லி, சேர்ந்து விளையாடும் பிள்ளைகளிடம் கேலி வாங்குகிறான். மூளை குழம்பிவிடுமா? வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஹட்டன்

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். அவன் விட்ட பிழையில் குழப்பம் இல்லை, கணக்கு இருக்கிறது. தமிழில் அம்மாவும் ‘இருக்கிறார்’, மேசையும் ‘இருக்கிறது’, வினை ஒன்றுதான். விகுதியில்தான் மனிதரைப் பிரிக்கிறோம், நாயும் மேசையும் ஒரே பக்கம். சிங்களத்தில் ‘இருப்பதற்கு’ இரண்டு வினை: மனிதருக்கு ‘இன்னவா’, பொருளுக்கு ‘தியெனவா’. பிரிக்கும் கோடும் வேறு இடத்தில் விழுகிறது. நாய் மனிதரோடு சேர்ந்து ‘இன்னவா’. தேயிலைச் செடி, உயிர் இருந்தும், மேசையோடு ‘தியெனவா’. ஓடுகிற பஸ்ஸும் ‘தியெனவா’தான்!

மொழி சிந்தனையைத் தொடுவது இந்த இடத்தில். வாய் திறக்குமுன் எதைக் கவனித்தே ஆகவேண்டும் என்று அது பழக்குகிறது. அதற்காக, தமிழ் பேசுபவருக்கு நாய் உயிரற்றதாகிவிடாது. ‘நாம் போவோம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி, ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவர் இல்லை. சிங்கள ‘அபி’யிலும் ஆங்கில ‘வீ’யிலும் இந்தப் பிரிவு கிடையாது. தமிழை விட்டால் மகன் இழப்பது இப்படிப்பட்டவற்றை.

திருத்தும்போது “பிழை” என்று நிறுத்தாமல், “ஆமா, அம்மா கெதர இன்னவா” என்று முழு வசனமாகத் திருப்பிச் சொல்லுங்கள். வாசலில் நின்று கோழி, மரம், பூனை, பஸ் என்று காட்டி, எது எந்தப் பக்கம் என்று விளையாடலாம். திட்டினால் பிள்ளை அந்த மொழியையே வாயில் எடுக்காது. நமக்குச் சரளமில்லாத ஆங்கிலத்தில் பேசினால் வசனங்கள் குட்டையாகும், கதை சொல்வது குறையும், நட்டம் அதுதான்.

இருமொழி பேசினால் அறிவு கூடும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1962இல் வெளியான மொன்ட்ரியல் ஆய்வில் பத்து வயது இருமொழிப் பிள்ளைகள் முந்தினார்கள். பின்வந்த பல ஆய்வுகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை.

கலந்து பேசுவது தாமதம் அல்ல. இரண்டு வயதில் எல்லா மொழியும் சேர்த்து 50 சொல்லுக்குக் குறைவு, அல்லது இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் பார்க்க வேண்டும். முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: மகள் தரம் 6இல் ஆங்கில மொழிமூலத்தில் கணிதம் படிக்கிறாள். பெருக்கலில் திணறுகிறாள். தமிழில் கேட்டால் உடனே சொல்கிறாள்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: வாய்ப்பாடு மனதில் தங்குவது கற்ற மொழியின் ஓசையோடு. ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற மொழியில் துல்லியமான விடை வேகமாக வந்தது; உத்தேசமாக மதிப்பிடுவதில் மொழி வேறுபாடு இல்லை. ஆகவே கணிதம் அவளுக்குத் தெரியும். கணக்கைத் தமிழிலேயே மனதில் போட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும். 6 முதல் 9 வரையான வாய்ப்பாடுகளை மட்டும் தினமும் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லவையுங்கள். வரிசையாக அல்ல, மாற்றி மாற்றிக் கேட்டு.